பேசக் கூடாத செல்

அந்தச் செல் பேசக் கூடாது. நத்தையின் நரம்பு முடிச்சில் வாயாடிச் செல்கள் சில உண்டு; ஊசி பட்டதும் தொணதொணவென்று ஆரம்பித்துவிடும். ஆனால் வலது ஓரத்தில் உருண்டையாக, ஆரஞ்சு நிறத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய செல் பிறவி ஊமை. யாராவது சீண்டினால் ஒழிய வாய் திறக்காது. அதனால்தான், அக்கா இருந்த ஆய்வறையில் இப்போது உட்கார்ந்திருக்கும் தங்கை அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். சும்மா இருக்கிற செல் எப்படிச் சும்மா இருக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

ஆனால் அது பேசியது.

ஜன்னல் இல்லாத அறை. நடுவில் செம்புவலைக் கூண்டு. வெளியில் அலைகிற மின்சாரமெல்லாம் உள்ளே வராமல் இருக்க. கூண்டுக்குள் நுண்ணோக்கி, அதன் கீழே பாட்டில் மூடி அளவுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம், கிண்ணத்தில் நத்தையின் ரத்தத்தைப் போலவே கலந்த உப்புத் திரவம், திரவத்தில் நரம்பு முடிச்சு. முடியைவிட மெல்லிய முனை கொண்ட கண்ணாடி ஊசியைச் செல்லுக்குள் இறக்க வேண்டும். இன்னொரு வளைகுழாய் கிண்ணத்துத் திரவத்தில் தோய்ந்திருக்கும். உள்ளே ஒரு முனை, வெளியே ஒரு முனை. இரண்டுக்கும் நடுவில் எத்தனை மில்லிவோல்ட் என்று திரை சொல்லும். செல் துடித்தால் அலமாரி மேலிருக்கும் ஸ்பீக்கர் 'தக்' என்று ஒலிக்கும்.

ஊசி இறங்கியதும் திரையில் எண் மைனஸ் அறுபதுக்கு விழும். அது சரி. ஸ்பீக்கரில் லேசான இரைச்சல் மட்டும். அதுவும் சரி. அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். ஒரு டீ குடிக்கிற நேரம் போனதும் எண் நகரத் தொடங்கும். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. யாரோ படியேறி வருவது போல, அவசரமே இல்லாமல். நாற்பத்தைந்தைத் தொட்டதும் இருட்டுக்குள்ளிருந்து, தக். கொஞ்சம் இடைவெளி. தக்-தக்.

திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினால் செல் அடங்கிவிடும். எண் கீழே இறங்கும். மறுபடி ஒரு டீ நேரம். மறுபடி படியேறும் சத்தம் இல்லாத அந்த ஏற்றம். தக். தக்-தக்.

பக்கத்து அறைக்காரரும் அதே தொட்டி நத்தையைத்தான் எடுக்கிறார், அதே பெரிய ஜாடித் திரவத்தைத்தான் ஊற்றுகிறார். அவருடைய செல் சாயங்காலம் வரை மைனஸ் அறுபதில் கல்லாகக் கிடக்கும். "உன் நத்தைக்கு வாய் நீளம்மா, வளர்ப்பு அப்படி" என்று அவர் கிண்டல் செய்தார். துறைத் தலைவர் வந்து பார்த்துவிட்டு நாக்கால் 'ச்ச்ச்' கொட்டினார். எதற்கெடுத்தாலும் அப்படிக் கொட்டுவதால் அவருக்குப் பல்லி என்று பெயர். கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவளுக்கு முன்னால் அந்த அறை அவளுடைய அக்காவுடையது. கூண்டை அமைத்தது அக்கா. வளைகுழாயைச் சூட்டில் காட்டி வளைத்ததும் அக்கா. போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் ஒன்று மூளைவரை ஏறி, ஒரே வாரத்தில் அவளைக் கொண்டுபோய்விட்டது. அறையைப் பூட்டிவிடலாமா என்று பேச்சு வந்தபோது, நான் உட்காருகிறேன் என்று தங்கை சொன்னாள். அக்கா நாற்காலியை எந்த உயரத்தில் வைத்திருந்தாளோ அதே உயரத்தில்தான் இன்னும் இருக்கிறது.

அத்தானை அந்த அறைக்கு முதலில் கூப்பிட்டதும் தங்கைதான். அக்காவின் கணவர் அவர். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், மைக் எல்லாம் ரிப்பேர் செய்கிற கடை வைத்திருக்கிறார். அலமாரி மேலிருக்கும் ஸ்பீக்கர் அவர் மனைவிக்காகச் செய்து கொடுத்ததுதான். அது உறுமுகிறது, கொஞ்சம் பாருங்கள் அத்தான் என்று சொன்னாள். வந்தார். பின்பக்கத்தைத் திறந்து ஒயரை ஒட்டவைத்தார். ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் செல் ஆரம்பித்தது.

தக். தக்-தக்.

அத்தானின் கை நின்றுவிட்டது. திருப்புளி கீழே விழவில்லை. அவர் அதை மெதுவாக, தூங்குகிற குழந்தை பக்கத்தில் வைப்பது போல, அலமாரியில் வைத்தார்.

தங்கைக்கும் அந்தத் தாளம் தெரியும். கடையில் அத்தான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை செய்யும்போது கத்தினால் கேட்காது. அதனால் அக்கா உள்ளே வந்தால் மேசைப் பலகையை மோதிர விரலால் தட்டுவாள். ஒன்று, நிறுத்தி, இரண்டு. பலகை வழியாக அது அவர் முழங்கைக்குப் போகும். அவர் தலையைத் தூக்குவார். இதை எத்தனையோ தடவை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். கூண்டிலிருந்து அந்தத் தாளம் வந்தபோது அவளும் அதை அடையாளம் கண்டுகொண்டாள். வெளியே சொல்லாமல் விழுங்கிவிட்டாள்.

அத்தான் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். மதியச் சாப்பாட்டுக்கு மேல் கடையைச் சாத்திவிட்டு வந்து, சுவரோரம் ஸ்டூலைப் போட்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார். திரவம் கெட்டியாகிற மாதிரி அறை மெல்ல இறுகும். பிறகு தட்டல். முதலில் நிதானமாக, போகப் போக வேகமாக, பொறுமை இழந்தவள் போல, கடைசியில் ஓட்டமாக ஓடி, சட்டென்று நின்றுவிடும். எண் அப்போது மைனஸ் முப்பதுக்கும் மேலே ஏறியிருக்கும். அவ்வளவு மேலே ஏறிய செல்லால் துடிக்க முடியாது. ஒரு துடிப்புக்குப் பிறகு சோடியம் வாசல்கள் மூடிக்கொள்ளும். மறுபடி திறக்கத் தயாராக வேண்டுமென்றால் எண் நன்றாகக் கீழே இறங்கியாக வேண்டும். இறங்கவில்லையென்றால் ஒரேயடியாகப் பூட்டுத்தான். தங்கைக்கு இது பாடம். அத்தானுக்கு அப்படி இல்லை.

"கோச்சிட்டுப் போறா" என்றார் ஒரு நாள். "நான் பதில் சொல்லமாட்டேங்கறேன்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியலையே."

தங்கை திரும்பிப் பார்த்தாள். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருடைய சட்டைக் காலர் கழுத்தில் நிற்காமல் தொங்கியது. எப்போது இவ்வளவு இளைத்தார்?

அப்போதே ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிஜத்தைச் சொன்னால், மதியம் ஆனால் அவளுடைய காதும் ஸ்பீக்கர் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துக் காவலாளி போன் செய்த அன்றுதான் அவளுக்கு உறைத்தது. குழந்தையைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை, அப்பா போனை எடுக்கவில்லை என்றார். அத்தான் அப்போது ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். போன் சட்டைப் பையில் ஊமையாக மின்னிக்கொண்டிருந்தது. அவரை எழுப்பாமல் அவளே ஓடினாள். அக்காவின் மகள், வாண்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், காலியான மைதானத்தின் ஓரத்தில் புத்தகப்பை மேல் உட்கார்ந்து ஷூவின் லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அழுத தடமே இல்லை.

"அப்பா அங்கதான இருக்காரு சித்தி? அம்மா தட்டற எடத்துல?"

"யாரு சொன்னா உனக்கு?"

"அப்பாதான். கூண்டுக்குள்ள இருந்து அம்மா தட்டறாங்களாம். இன்னும் கொஞ்ச நாள்ல நாங்க ரெண்டு பேருமே அங்க போயிடலாம்னு சொன்னாரு." லேஸை இழுத்து முடிச்சுப் போட்டாள். "கூண்டுக்குள்ள நான் பத்துவேனா?"

அந்தச் செல் ஏன் பேசுகிறது என்று கண்டுபிடித்தே தீர வேண்டும். ஆராய்ச்சி எப்படியோ போகட்டும். அத்தானை அந்த ஸ்டூலிலிருந்து எழுப்ப வேறு வழியில்லை. போய்விட்டவளை நினைத்து அழாதீர்கள் என்று சொன்னால் கேட்கமாட்டார். தட்டுவது எது என்று காட்ட வேண்டும்.

செல் எப்படிச் சும்மா இருக்கிறது என்பதிலிருந்து அவள் மறுபடி ஆரம்பித்தாள். சும்மா இருப்பது செல்லுக்குச் சும்மா கிடைப்பதில்லை. அதைச் சுற்றி மெல்லிய கொழுப்புத் தோல். உள்ளே பொட்டாசியம் ஏராளம், சோடியம் கொஞ்சம். வெளியே தலைகீழ். இந்த ஏற்பாட்டைக் காப்பவை தோலில் பதிந்திருக்கும் நுண்ணிய பம்புகள். எரிபொருளைச் செலவழித்து, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதே தோலில், பொட்டாசியம் மட்டும் நுழையக்கூடிய சில வாசல்கள் எந்நேரமும் திறந்தே கிடக்கும். உள்ளே நெருக்கம், வெளியே காலி. பொட்டாசியம் நழுவி வெளியேறும். ஒவ்வொன்றும் போகும்போது ஒரு நேர்மின்னூட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதனால் செல்லின் உள்பக்கம் எதிர்மின்னூட்டமாகி, போனவற்றைத் திரும்ப இழுக்கத் தொடங்கும். நெருக்கம் வெளியே தள்ளுகிறது, மின்சாரம் உள்ளே இழுக்கிறது. சோடியமும் கொஞ்சம் உள்ளே கசிவதால் கணக்கு துல்லியமாகச் சரியாகாது. ஆனால் இந்த இழுபறி ஏறக்குறைய சமமாகிற இடம்தான் மைனஸ் அறுபது.

இதில் எது கெட்டுப்போயிருக்கும்?

ஊசி செல்லைக் கிழித்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், திரவத்தை மாற்றியதும் அது தேறக் கூடாது. தேறுகிறது. ஆகவே அது இல்லை.

பம்பு நின்றுவிட்டதா? இதைச் சோதிக்க அவள் பக்கத்து அறைக்குப் போனாள். அவருடைய கிண்ணத்தில், பம்பை மட்டும் நிறுத்துகிற விஷத்தை ஒரு துளி விடச் சொன்னாள். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எண் கொஞ்சம் ஏறி, அதோடு நின்றது. நின்றதும் அப்படியே இருந்தது. பம்புகள் செத்துவிட்டன, செல்லுக்கு அது தெரியவில்லை. பம்புகள் சேர்த்து வைத்துவிட்டுப் போன வித்தியாசத்தைச் செலவழித்துக்கொண்டு, எதுவும் நடக்காதது போல அது அமைதியாக இருந்தது. வித்தியாசம் கரையக் கரையத்தான் எண் மெல்ல மெல்ல மங்கும்.

"பயமா இருக்குல்ல" என்றார் பக்கத்து அறைக்காரர், வழக்கமான கிண்டல் இல்லாமல்.

அவளுக்கு அக்காவின் வீடு நினைவுக்கு வந்தது. அக்கா நிரப்பி வைத்த டப்பாக்கள், அக்கா மடித்து வைத்த போர்வைகள், அவற்றை வைத்துக்கொண்டு பல வாரம் அந்த வீடு அப்படியே நடந்தது. தன் அறைக்குத் திரும்பினாள்.

பம்பு நின்றால் செல் இவ்வளவு சீக்கிரம் மேலே ஏறாது. அதோடு, புதுத் திரவம் ஊற்றினால் செத்த பம்பு பிழைக்காது. ஆகவே கோளாறு செல்லுக்குள் இல்லை. வெளியே இருக்கிறது.

வெளியே எது மாறினால் செல்லுக்கு வலிக்கும்? சோடியம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஓய்வில் இருக்கும் செல் அதிகம் கண்டுகொள்ளாது. அதற்கு அப்போது வாசல் மிகக் குறைவு. பொட்டாசியம் விஷயம் வேறு. செல் பார்ப்பது, உள்ளே இருப்பது வெளியே இருப்பதைப்போல் எத்தனை மடங்கு என்பதை. கூட்டம் முட்டுகிற மண்டபத்தில் பத்துப் பேர் கூடினால் யாருக்கும் தெரியாது. ஆளில்லாத வாசலில் பத்துப் பேர் வந்து நின்றால், உள்ளே இருப்பவன் வெளியே போகத் தயங்குவான். வெளியே சிட்டிகை பொட்டாசியம் சேர்ந்தால் போதும். உள்ளே இருப்பது வெளியேறத் தயங்கும், எதிர்மின்னூட்டம் குறையும், எண் ஏறும், செல் வாய் திறக்கும்.

ஆக, கிண்ணத்துக்குள் எங்கிருந்தோ பொட்டாசியம் வருகிறது. ஜாடித் திரவத்திலிருந்து இல்லை; பக்கத்து அறைக்காரரும் அதைத்தான் ஊற்றுகிறார். நரம்பு முடிச்சை ஊசியோ குழாயோ தொடாமல் கிண்ணத்தில் ஒரு மதியம் முழுக்க விட்டுப் பார்த்தாள். பிறகு அவற்றை இறக்கினாள். மைனஸ் அறுபது. ஊசியும் குழாயும் இறங்கிய பிறகுதான் அந்த டீ நேரக் கணக்கு தொடங்கியது.

அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். கேட்காமல் விட்டால் அது பேசுவதில்லை. கேட்க உட்கார்ந்தால்தான் பேசுகிறது. கேட்பதுதான் அதைப் பேச வைக்கிறது.

மறுபக்கத்தில் யாரோ காத்திருப்பது போலவும், இவள் காதைக் கொடுத்தால்தான் வருவேன் என்பது போலவும் இருந்தது. விளக்கைப் போட்டாள். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கேள்வி ரொம்பச் சாதாரணமாகத் தெரிந்தது: கேட்பதற்காக எதையெதைக் கிண்ணத்துக்குள் வைக்கிறேன்?

இரண்டைத்தான். ஊசி, வளைகுழாய். இரண்டுக்குள்ளும் இருப்பது வலுவான பொட்டாசியம் உப்பு. மின்சாரம் ஏமாற்றாமல் கடந்துபோக அதுதான் வசதி. ஊசியின் வாய் முடியைவிட மெல்லியது. அதிலிருந்து ஒழுகுவது கணக்கில் வராது. வளைகுழாயின் வாய் பென்சில் முனை அளவு. உப்பைக் கடற்பாசிக் கூழில் கலந்து, கெட்டியாக்கி அடைத்திருக்கிறது. கெட்டியாக இருந்தாலும் கூழ் கூழ்தான். உப்பு அதன் வழியே நடந்து வெளியே வரும்.

ஊசியும் நத்தையும் இல்லாமல் குழாயை மட்டும் கிண்ணத்தில் தோய்த்து, டீ நேரம் வைத்தாள். அந்தத் திரவத்தை எடுத்துப் போய், சுடரில் தெளித்துப் பொட்டாசியத்தின் ஊதா வெளிச்சத்தை மட்டும் அளக்கும் கருவியில் விட்டாள். முள் எகிறிய எகிறலில் கருவி கெட்டுவிட்டதோ என்று பயந்து, ஜாடித் திரவத்தை விட்டுப் பார்த்தாள். முள் சாதுவாக இறங்கி உட்கார்ந்தது.

பக்கத்து அறைக்குப் போனாள். அவருடைய குழாயும் அதே கூழ்தான். "நான் திரவத்தை ஓடவிடுறேன்ல" என்றார் அவர். ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாக ஊற்றும், மறுபக்கம் உறிஞ்சும். கசிகிற உப்பு உடனுக்குடன் அடித்துக்கொண்டு போய்விடும். "உங்கக்காவும் அப்படித்தான் செய்வாங்க. நீ ஏன் நிறுத்தினே?"

சொட்டு விழுகிற அதிர்வில் ஊசி நழுவுகிறது என்று, வந்த முதல் வாரத்திலேயே அவள்தான் சொட்டுக் குழாயைத் திருகி மூடியிருந்தாள்.

"ஓட்டத்த நிறுத்திட்டு, உங்க கிண்ணத்துல ஒரு துளி பொட்டாசியம் விடுங்க" என்றாள்.

விட்டார். சாயங்காலம் வரை கல்லாகக் கிடக்கும் அவருடைய செல் படியேறியது. அக்கா ஒருநாளும் உட்காராத அந்த அறையில், அக்கா தொடாத ஸ்பீக்கரில், தக் என்றது. நிறுத்தி, தக்-தக் என்றது. அந்த உயரத்துக்கு ஏற்றிவிட்டால் அந்தச் செல் அப்படித்தான் தட்டும், எந்த நத்தையாக இருந்தாலும். தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ கிடைத்துவிட்டது, ஏதோ போய்விட்டது. எதை முதலில் நினைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவள் ஊசியை இறக்கினாள். புதுக் குழாய், வலுவான பொட்டாசியம் உப்பு அடைக்காதது. டீ நேரம் போயிற்று. இன்னொரு டீ நேரமும் போயிற்று. இரைச்சல் மட்டும்.

அத்தான் கண்ணைத் திறந்தார். "என்ன பண்ணினே?"

அவள் சொன்னாள். உள்ளே இருப்பது, வெளியே இருப்பது, கூழ், கசிவு, சுடரின் ஊதா எல்லாவற்றையும், அவசரப்படாமல், அவர் ஸ்பீக்கரின் கம்பிச்சுருளை விளக்குவது போலச் சொன்னாள். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். அவருக்கு மின்சாரம் தெரியும். எங்கேயும் நிறுத்தி விளக்கம் கேட்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ அந்தக் குழாய அவ தப்பா செஞ்சிட்டாளா?"

"இல்ல அத்தான். அவ ஓட்டத்தோட வெச்சிருந்தா. அப்படி இருந்தா ஒரு தப்பும் இல்ல. நிறுத்தினது நான்."

அவர் தலையசைத்தார். மனைவி தப்புச் செய்யவில்லை என்பதில்தான் ஏதோ ஒன்று அவருக்குள் உட்கார்ந்தது போலிருந்தது. பிறகு, பழைய குழாயை ஒரே ஒரு தடவை போடச் சொன்னார். போட்டாள். எண் ஏறியது, தட்டல் வந்தது, வேகம் பிடித்தது, ஓடி ஓடி நின்றது. இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. முழுக்கத் திரையையே பார்த்தார்.

"அது கூப்பிடல" என்றார். "மூச்சுத் திணறுது."

"ஆமா அத்தான்."

"எடுத்துடு. பாவம்."

அவள் எடுத்தாள். அவர் போனைப் பார்த்தார், எழுந்தார், வாண்டுக்குப் பள்ளி விடுகிற நேரம் என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, கூண்டைப் பார்க்காமல், ஸ்பீக்கரை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். நடைபாதையில் அவருடைய செருப்புச் சத்தம் வேகமாகிக்கொண்டே போனது.

தங்கை கிண்ணத்தைக் கழுவினாள். புதிதாக ஒரு நத்தை, புதிதாக ஒரு ஊசி. அறை அதே இருட்டுத்தான். அந்த மௌனத்துக்குள் பம்புகள் இரைச்சலே இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. வளைகுழாயில் வலுவான பொட்டாசியம் உப்புக்குப் பதிலாக, கிண்ணத்தில் இருக்கிற அதே திரவத்தைக் கூழாக்கி அடைத்திருந்தாள். குழாயை மாற்றியதால் அளவில் வருகிற சின்னப் பிழையைக் கடைசியில் கழித்துக்கொண்டால் போதும். சொட்டுக் குழாயைத் திறந்து, ஊசி அதிராத அளவுக்கு மெதுவாக ஓடவிட்டாள். வெளியே பொட்டாசியம் சேரவில்லை. செல் மைனஸ் அறுபதில் நின்றது, சாயங்காலம் வரை பேசவில்லை.